என் மனைவி கேட்ட மீன்கொடி

காரைக்குடியில் நான் பிளக்ஸ் அச்சுக்கடை வைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இதுவரை நான் அடித்துக் கொடுத்த கொடிகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் சிவகங்கை வரைக்கும் போய்த் திரும்பி வரலாம் என்று என் மனைவி கேலி செய்வாள். கட்சிக்கொடி, சங்கக்கொடி, ரசிகர் மன்றக்கொடி, மஞ்சுவிரட்டுக் குழுக்களின் கொடி, கோயில் திருவிழா, சந்தனக்கூடு, மாதா தேர்பவனி என்று ஒன்றையும் விட்டதில்லை. காலையில் ஒரு கட்சிக்காரர் வந்து உட்கார்ந்த பெஞ்சில், அந்தச் சூடு ஆறுவதற்குள் எதிர்க்கட்சிக்காரர் வந்து உட்காருவார். இரண்டு பேருக்கும் ஒரே கடை டீதான். எனக்குக் கொடி என்றால் நீளம், அகலம், எத்தனை உருப்படி, என்றைக்கு வேண்டும், அவ்வளவுதான்.

என் மனைவி அரசுப் பெண்கள் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவள் என் கடைக்கு ஆர்டர் கொண்டுவந்தது ஒரே ஒரு தடவைதான். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில் கடை வாசலில் வந்து நின்றாள்.

"எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொடி வேணும். மாவட்டக் கலைவிழா ஊர்வலத்துல பிள்ளைக பிடிச்சுட்டுப் போறதுக்கு. இந்த மண்ணோட பழைய கொடி ஏதாச்சும் கொண்டாரணும்னு சொல்லியிருக்காக."

"பழைய கொடின்னா?"

"பாண்டியர் மீன்கொடி. இது பாண்டிய நாடுதானே."

"அம்புட்டுத்தானே. சாயங்காலம் வீட்டுக்கே கொண்டாந்துர்றேன்."

"அந்த மீனு எப்படி இருக்கும்னா..." என்று அவள் ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன். போனைப் பேசி முடித்துத் திரும்பினால் அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டிருந்தாள். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தை நான் முழுதாகக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

அன்று மதியமே, அதே விழாவுக்காக வேறு இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஆள் வந்தார்கள். அவர்களுக்கும் மீன்கொடிதான். நல்லதாகப் போயிற்று, மூன்றையும் ஒன்றாக அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் மீன் என்று தேடினேன். முதலில் வந்த படமே நன்றாக இருந்தது. கொழுகொழுவென்று ஒரு மீன், வாயைத் திறந்துகொண்டு, வாலைச் சுழற்றித் துள்ளுகிற மாதிரி. பின்னால் சிவப்பும் மஞ்சளுமாகத் தீ எரிகிற ஒரு படத்தை வைத்தேன். கீழே பெரிய எழுத்தில் 'பாண்டியர் கொடி' என்று போட்டேன். ஒரு மணி நேர வேலை.

வழக்கமாக என் கொடிகளுக்கு ஓரம் அடித்து, கம்பு நுழைக்க மடித்துத் தைத்துத் தருபவர் பக்கத்துக் கடை டைலர். பாய் என்றுதான் தெருவில் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அன்றைக்கு அவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு ஒருவரிடம் கொடுத்துத் தைத்து, இரண்டை அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவள் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள்.

"இது என்ன மீனு?"

"மீனுதான்."

"மீனுன்னு தெரியுது. என்ன மீனுன்னு கேட்டேன்."

மறுநாள் சனிக்கிழமை. அவளே கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள். கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த பாய் அதை வாங்கி விரித்த உடனே சிரித்துவிட்டார். அவர் ஊருக்கு வந்து தையல் மிஷின் போடுவதற்கு முன்னால் துபாயில் ஒரு பெரிய கடையில் மீன் வெட்டுகிற இடத்தில் பதினோரு வருஷம் நின்றவர்.

"அண்ணே, இவனை எனக்கு நல்லாத் தெரியும். சால்மன். தாடையப் பாருங்க, கொக்கி மாதிரி. இவன் நம்ம பக்கத்துக் கடல்லயே கிடையாது. பனிக்கட்டியில படுத்துக்கிட்டு பிளேன்ல வருவான்."

நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"ஊருல இருக்க அத்தனை பேருக்கும் கொடி அடிச்சுக் குடுக்குறீக. அவுக கொடியில ஒரு புள்ளி தள்ளி விழுந்தாக்கூட வாங்கித் திருப்பி அடிச்சுத் தர்றீக. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதை என்னன்னு பாக்கக்கூட இல்லையே நீக."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் கொடியை மடித்துக்கொண்டே, மார்க் குறைந்த பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள். அதற்கு மேல், இதே சால்மன் இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி, அசல் மீனு எங்க இருக்குன்னு சொல்லு, போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னேன்.

அசல் மீன் இருந்தது. நாச்சியாபுரம் தாண்டி உள்ளே போகிற ஒரு ரோட்டில், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய சிவன் கோயில். கல்லூரியில் படித்தபோது ஒரு தடவை அங்கே போனதாகவும், முன்மண்டபத்துக் கூரையில் பார்த்ததாகவும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினோம். போகிற வழியில் இரண்டு இடத்தில் பாதை தப்பி, ஒரு தோட்டத்துக்குள் போய்த் திரும்பி, ஆடு மேய்த்தவரிடம் கேட்டு, "இங்குட்டுக் கூடிப் போயி அங்குட்டுத் திரும்புங்க" என்று அவர் கைகாட்டிய பக்கமெல்லாம் போய், ஒருவழியாகக் கோயிலைக் கண்டுபிடித்தோம். பூசை முடிந்து குருக்கள் மட்டும் உள்ளே இருந்தார்.

கூரையில் மீன் இருந்தது. ஆனால் மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. அண்ணாந்து நின்று படமெடுத்தால் கை ஆடியது. கடைசியில் நான் துண்டை விரித்துத் தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டேன். போனை நெஞ்சுக்கு மேலே பிடித்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த குருக்கள் பதறிவிட்டார்.

"என்ன ஆச்சு சாருக்கு? தண்ணி கொண்டு வரட்டுமா?"

"ஒண்ணும் இல்ல சாமி. மீன் பாக்குறாக" என்றாள் என் மனைவி.

அவர் என்னை ஒரு தடவையும் கூரையை ஒரு தடவையும் பார்த்தார். பிறகு அவரே உள்ளே போய், நீளமான வயரில் ஒரு பல்பைக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. ஒரு சாண் நீளத்தில் இரண்டு மீன்கள். தலை மேலே, வால் கீழே. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நுனி வளைந்த ஒரு கோல். மீனின் செதில்களைக்கூடச் செதுக்கியிருந்தார்கள். என் படத்தில் இருந்த மாதிரி துள்ளவில்லை, வாய் பிளக்கவில்லை. எங்கேயும் போக அவசரமில்லாத மீன்கள்.

"இதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்" என்றாள். "ஒத்த மீனு இல்ல, ரெண்டு. இணைக்கயல்னு சொல்வாக. நடுவுல இருக்கது செண்டு. அது ராஜா கையில வச்சுருக்க கோலு. காசுலயும் இதுதான், முத்திரையிலயும் இதுதான்."

குருக்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். கொண்டுவந்திருந்த இட்லியைப் பிரித்தாள். ஏன் போயும் போயும் ஒரு மீனைக் கொடியில் வைத்தார்கள், சோழன் மாதிரி ஒரு புலியை வைத்திருக்கலாமே என்று கேட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் அவளிடம் வரலாறு சம்பந்தமாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மீனுக்கு இமை கிடையாதுல்ல, தூங்கும்போதும் கண்ணு தொறந்தே இருக்கும். ராஜா அப்படிக் கண்ணசராம நாட்டைப் பாக்கணும்னு ஒரு விளக்கம் சொல்வாக. கேக்க நல்லாருக்கும். எனக்கு என்னமோ அதைவிட லேசான காரணமா இருக்கும்னு தோணும். அவுக கடக்கரை ஆளுக. முத்துக் குளிச்சு, கப்பல் விட்டுப் பொழச்சாக. சோறு போட்டதைக் கொடியில வச்சுக்கிட்டாக."

"நமக்குத்தான் கடலே கிடையாதே."

"இதையேதான் எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளையும் கேட்டா. நம்ம ஊருல கடலும் இல்ல, ஆறும் இல்ல, நமக்கு எதுக்கு டீச்சர் மீனுன்னு. என்ன சொல்லியிருப்பேன்?"

"என்ன சொன்ன?"

"நம்ம ஊருல கம்மாயில மீன் இருந்தா என்ன அர்த்தம்னு திருப்பிக் கேட்டேன். தண்ணி இருக்குன்னு அர்த்தம் டீச்சர்னா. அவ்வளவுதான், பதிலு அவளே சொல்லிட்டா."

அவள் அதைச் சொல்லும்போது முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. வீட்டில் சமையலுக்கும் பேப்பர் திருத்துவதற்கும் நடுவே நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பிறகு சொன்னாள், பாண்டியருக்குப் பிறகு இந்தச் சீமையை யார் யாரோ ஆண்டார்கள், ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அனுமார் கொடி இருந்ததாகச் செப்பேடுகள் சொல்கின்றன, அதிலிருந்து சிவகங்கைச் சீமை பிரிந்தபோது எந்தக் கொடியைப் பிடித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று. "எனக்கே சரியாத் தெரியல. அதனாலதான் மீனைக் கேட்டேன். அது ஒண்ணுதான் கல்லுல இருக்கு."

இரண்டு சால்மன்களைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் இட்லியைச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாய் கடையில் மூன்று பேரும் கூடினோம். பிளக்ஸ் வேண்டாம், துணியில் மீனை வெட்டி ஒட்டித் தைத்துவிடலாம் என்று பாய் சொல்லியிருந்தார். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ரெண்டும் கெண்டைண்ணே. வயித்தைப் பாருங்க, இது கம்மாய்ல வளர்ந்த உடம்பு" என்று தீர்ப்புச் சொன்னார். மீன் முடிவாகிவிட்டது. கொடிக்கு என்ன நிறம் என்பதில் பேச்சு வந்து நின்றது.

மனைவி தேடிய எந்தப் புத்தகத்திலும் நிறம் இல்லை. பள்ளித் தலைமையாசிரியை வேறு அன்று மதியம் எனக்கே போன் செய்திருந்தார். "சார், கலர் மட்டும் பாத்துச் செய்யுங்க. நாளைக்கு யாரும் வந்து கேள்வி கேட்டுறக் கூடாது." அவர் பயந்தது நியாயம்தான். இந்த ஊரில் எந்த நிறம் யாருக்குச் சொந்தம் என்பது என்னைவிட யாருக்கும் அதிகமாகத் தெரியாது.

"சிவப்பு?" என்றார் பாய், துணிக்கட்டைத் தொட்டு.

"கட்சி."

"அடியில கறுப்பு வச்சா?"

"அது ரெண்டு கட்சி."

"பச்சை வேணாம்ணே, நான் தச்சதுன்னு தெரிஞ்சா எங்க ஆளுக கொடியா ஆக்கிட்டேன்னு சொல்வாக" என்று அவரே சொல்லிச் சிரித்தார். "மஞ்ச?"

"மஞ்சளும் சிவப்பும் ஒரு சங்கம். மஞ்சளும் பச்சையும் இன்னொரு சங்கம். தனி மஞ்சள் போன மாசம்தான் ஒருத்தரு ஆரம்பிச்சிருக்காரு, நூறு அடிச்சுக் குடுத்தேன்."

"நீலம்?"

"அதுக்கும் ஆளு இருக்கு."

"காவி?"

"பேசாம இருங்க பாய்."

"அப்ப வெள்ளைதான்."

"தோத்துப்போனவுக காட்டுறது வெள்ளை" என்றாள் என் மனைவி. "பாண்டியரு கையில அதைக் குடுக்க மாட்டேன்."

வானவில்லில் ஒரு நிறம் மிச்சமில்லை. டீ வந்தது. அவள் கையில் இருந்த கண்ணாடிக் கிளாஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மழை பெஞ்சு புதுத் தண்ணி வந்த அன்னைக்கு நம்ம கம்மாய் இந்தக் கலராத்தான் இருக்கும்" என்றாள். செம்மண் கரைந்து, பால் கூடின டீ மாதிரி ஒரு நிறம். பாய் எழுந்துபோய், அலமாரியின் அடியிலிருந்து ஒரு துணியை இழுத்தார். யாரோ பேன்ட் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன துணி. டீ கிளாஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்த நிறத்தில் கட்சியும் இல்லை, சங்கமும் இல்லை என்று நான் உறுதி கொடுத்தேன்.

மீனுக்குப் பாய் எடுத்தது, கோட்டு தைக்கும்போது உள்பக்கம் வைக்கிற சாம்பல் நிறப் பளபளப்புத் துணி. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு தைத்தார். ஒவ்வொரு செதிலுக்கும் மிஷினில் ஒரு வளைவு. கண்ணுக்கு மட்டும் கையால் தைத்தார். என் மனைவி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் எட்டிப் பார்த்து, செண்டின் வளைவு இன்னும் கொஞ்சம் வேண்டும், மீனுக்கும் மீனுக்கும் இடைவெளி குறைய வேண்டும் என்று திருத்தம் சொன்னாள். "அக்கா, எனக்கும் பேப்பர்ல மார்க் போட்டுக் குடுத்துருங்க" என்றார் பாய்.

அவரிடம் மட்டும் மற்ற இரண்டு கொடிகளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "அக்காட்ட சொல்லிருங்கண்ணே. ஊர்வலத்துல எப்படியும் வரத்தான் போகுது" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஐம்பது அறுபது பள்ளிக்கூடக் கொடிகளுக்கு நடுவே எது கண்ணில் படப்போகிறது என்று மனதை ஆற்றிக்கொண்டேன்.

விழா சிவகங்கையில். காலையிலேயே மைதானம் முழுக்கப் பிள்ளைகள். புலிக்கொடிகள் நிறைய வந்திருந்தன, விற்கொடிகள் கொஞ்சம், சேவற்கொடியும் காளைக்கொடியும் ஒன்றிரண்டு. எங்கள் கொடியை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிடித்திருந்தாள். காற்றே இல்லை. துணி கனமாக இருந்ததால் கம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஊர்வலம் கிளம்பி அவள் நடக்க ஆரம்பித்ததும், ஒவ்வொரு எட்டுக்கும் துணி விலகி, வெயில் பட்டு, மீன் பளிச் பளிச்சென்று தெரிந்து மறைந்தது. தண்ணீருக்குள் கெண்டை திரும்பும்போது அப்படித்தான் ஒரு கணம் மின்னும். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அந்தக் கையை எடுப்பதற்குள் எங்களைத் தாண்டி அடுத்த பள்ளிக்கூடம் வந்தது. தீ எரிகிற பின்னணியில், வாயைத் திறந்துகொண்டு, கொக்கித் தாடையோடு சால்மன். பிடித்திருந்த பெண்ணுக்குப் பத்து வயதுதான் இருக்கும். இரண்டு கையாலும் கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் மட்டும் பார்த்து நடந்து வந்தாள். கூடவே வந்த இளம் ஆசிரியைக்கு என் மனைவியைத் தெரியும் போலிருக்கிறது.

"மேடம், நீங்க ஹிஸ்டரிதானே. எங்க கொடி எப்படி இருக்கு? காரைக்குடியில குடுத்து அடிச்சோம்."

என் மனைவி கொடியைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக் குனிந்தாள்.

"இம்புட்டுத் தூரம் நீயேவா பிடிச்சுட்டு வர்ற? கை வலிக்கலையா கண்ணு?"

"இல்ல டீச்சர்."

"ரொம்ப அழகாப் பிடிச்சிருக்க."

அந்தப் பிள்ளை இன்னும் நிமிர்ந்து நடந்தது. அவர்கள் தாண்டிப் போகும்வரை என் மனைவி சிரித்த முகமாகவே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எத்தனை அடிச்சீக?"

"உன்னோடது போக ரெண்டு."

"இன்னொண்ணு எங்க?"

"அந்தா, பின்னாடி வருது."

விழா முடிந்ததும் அவள் பிள்ளைகளோடு வேனில் ஏறிக்கொண்டாள். நான் பஸ்ஸில் வந்தேன். வீட்டில் காபி போட்டுக் கொடுத்தாள், ஆனால் எதிரில் உட்காரவில்லை. அடுப்படியில் நின்றபடியே, "கோயில்ல மல்லாக்கப் படுத்திருந்தீகளே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"தப்பா அடிச்சது பெருசில்ல. எல்லாருக்கும் வர்றதுதான். அன்னைக்கு அம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்தோம். எங்கிட்டச் சொல்ல என்ன?"

"பாக்காம அடிச்சுட்டீகன்னு சொன்னியே, அது குத்துச்சு. இன்னும் ரெண்டு பேருக்கும் பாக்காமத்தான் அடிச்சேன்னு எப்படிச் சொல்றது? அதோட அன்னைக்கு நீ சந்தோஷமா இருந்த. அதைக் கெடுக்க வேணாம்னு நெனச்சேன்."

அவள் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வேறு ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பதறி எழுந்து போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு புலி, ஒரு வில்லு, நடுவுல துபாய் மீனு" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை அவளால். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரமே பாயிடம் சொல்லி அதே மாதிரி இன்னும் இரண்டு கொடி தைத்தோம். தபாலில் அனுப்பிவிடலாம் என்றேன். கூடாது, நேரில் போய்த் தப்பு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும், நானும் வருகிறேன் என்றாள். அவளுக்கு விடுமுறையாக இருந்து, அந்தப் பள்ளிக்கூடங்களுக்கு வேலை நாளாக இருந்த ஒரு சனிக்கிழமை இரண்டு ஊருக்கும் கிளம்பினோம். முதல் பள்ளிக்கூடத்தில் புதுக்கொடியை வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது, கீழச்சிவல்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஊர்வலத்தில் பார்த்த அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் புதுக்கொடியைத் தடவித் தடவிப் பார்த்தார். பழையதைக் கேட்டதும்தான் தயங்கினார்.

"அதைப் பிள்ளைக வகுப்புல மாட்டி வச்சிருக்குக சார். எடுத்தா அழுவாக. தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? டீச்சர் வந்திருக்காகள்ல, அவுகளே ஒரு பீரியடு சொல்லிட்டுப் போகட்டுமே."

இப்படித்தான் என் மனைவி வகுப்பு எடுப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள். முழங்கால் உள்ளே நுழையாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். சுவரில் சால்மன் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கரும்பலகையில் ஒரு புலியை வரைந்தாள். புலி மாதிரி இல்லை, பூனை மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். புலிக்குப் பக்கத்தில் இரண்டு மீனும் ஒரு வில்லும் வரைந்து, மேலே ஒரு குடை போட்டாள்.

"இது சோழரோட முத்திரை. ஜெயிச்சது புலி. தோத்துப்போனது மீனும் வில்லும். ஜெயிச்சவரு என்ன செஞ்சிருக்கலாம்? அதுகளை அழிச்சிருக்கலாம்ல? அழிக்கல. தன் குடைக்குக் கீழயே வச்சுக்கிட்டாரு. ஏன்?"

"பாவம்னு டீச்சர்" என்றது ஒரு குரல்.

"நான் ஜெயிச்சேன்னு காட்டுறதுக்கு" என்றது இன்னொன்று.

"ரெண்டாவதுதான் சரின்னு படிச்சவுக சொல்றாக. முதல்ல சொன்னதும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். தப்பான பதிலையும் முழுதாக முடிக்கவிட்டாள். கண் மூடாத மீன், முத்துக் குளித்த கடல், கம்மாய் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, வீட்டில் இத்தனை வருஷமாக இவள் என்ன பேசினாலும் பாதியில் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறேனே என்று எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

ஊர்வலத்தில் கொடி பிடித்த அந்தப் பிள்ளை எழுந்தாள். "அப்ப நம்ம ஊரோட கொடி எது டீச்சர்?"

"தெரியல" என்றாள் என் மனைவி. "சரியா யாருக்கும் தெரியல. பாண்டியரு காலத்துல மீனு. அதுக்குப் பிறகு ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. நீ பெரிசாகிக் கண்டுபிடிச்சா எனக்கு ஒரு கடுதாசி போடணும்."

அதற்குப் பிறகுதான் சுவரில் இருப்பது யார், எப்படி வந்தது என்று சொன்னாள். என்னைக் கைகாட்டவும் செய்தாள். நாற்பது தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. நான் எழுந்து நின்று, "தப்பு என்னோடதுதான்" என்றேன். ஒரே சிரிப்பு. கழற்றிவிடலாமா என்று அவள் கேட்டதற்கு வகுப்பு முழுக்க வேண்டாம் என்று கத்தியது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எது என்ன என்று கீழே எழுதிவைக்க வேண்டும் என்று முடிவானது.

அந்தப் பிள்ளையே ஒரு நோட்டுத்தாளைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினாள். 'சால்மண் மீன். வெளிநாடு. தவறுதலாக வந்தது.' என் மனைவி பக்கத்தில் போய்ப் பார்த்து, பேனாவை வாங்கி, மூன்று சுழியை இரண்டு சுழியாக மட்டும் திருத்தினாள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றாள்.